அணைக்கரையில் இறங்கிய முதலை

எங்கள் ஊர் ஏரியில் முதலை இருக்கிறது என்று நான் நம்பினேன். யாரோ சொல்லி நம்பவில்லை. என் இரண்டு கண்ணாலும் பார்த்து, செருப்பை விட்டு, பைக்கை விட்டு, சொந்த வீட்டையே தாண்டி ஓடி, டீக்கடை பெஞ்சில் விழுந்து, ஊருக்கே சொன்னேன். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசு, உரக்கடை முதலாளி என்கிற பெயர், அப்போது கல்யாண வயதில் ஒரு பெண். இத்தனையும் இருக்கிற மனிதன் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். செய்துவிட்டேன்.

ஆனால் முதலையை விடவும் அரிதான ஒரு ஜீவன் அந்த ஏரிக்கரையில் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லாமல் முதலைக்குள் இறங்க முடியாது. காவிரித் தண்ணீர் பாய்கிற இந்தச் சீமையில், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் பஸ்ஸை விட்டு இறங்காத ஒரே மனிதர் எங்கள் ஓல்டான் அண்ணன்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்தம் வந்தால் மற்ற கண்டக்டர்கள் விசில் அடிப்பார்கள். இவர் விசிலும் அடிப்பார், "ஓல்டா...ன்!" என்று ஒரு குரலும் கொடுப்பார். திருப்பனந்தாள் கடைத்தெருவில் இவர் ஓல்டான் சொன்னால் எங்கள் பஸ் மட்டுமா நிற்கும்? எதிரே வருகிற நெல் லாரி நிற்கும், தெருவில் போகிற மாடு நிற்கும், சைக்கிளில் போகிறவர் ஒரு காலை ஊன்றிவிட்டு, நம்மை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசிப்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் எங்காவது இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற அன்று பையை ஒப்படைத்தார், டிக்கெட் மிஷினை ஒப்படைத்தார். விசில் மட்டும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. அது கழுத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த மறுநாளே அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் கடைக்கு வந்து புலம்பினார்.

"சேகரு, இந்த மனுசன வெச்சுக்கிட்டு ஒரு வேளை சோறு போட முடியல. போதும்னு வாயத் தொறந்து சொன்னா என்னவாம்? ஒரு விசில். மோர் ஊத்தணும்னா ரெண்டு விசில். நேத்து பக்கத்து வீட்டுக்காரி ஓடி வர்றா, உங்க குக்கர் அடிக்குது, உங்க குக்கர் அடிக்குதுங்கறா. குக்கர் இல்லடி, என் புருசன்னு நான் எப்படிச் சொல்றது?"

அக்காதான் அவருக்கு ஒரு தூண்டில் வாங்கிக் கொடுத்து ஏரிக்கு அனுப்பிவைத்தார். ஓல்டான் அண்ணன் ஏரிக்கரையில் உட்கார்ந்த முதல் நாளே அது பஸ் ஆகிவிட்டது.

எங்கள் ஏரி பெரிதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏரி இல்லை. ஊருக்குக் கிழக்கே நீளமாக ஒரு கரை, நடுவே ஒரு மதகு, கரையோரம் பனைகள், தண்ணீருக்குள் கெண்டை, கெளுத்தி, விரால். ஆனால் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இனி வரிசை உண்டு. மதகுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்திக்கொண்டு நகராமல் இருந்தால், "உள்ள தள்ளி உக்காருங்க சார், பின்னாடி அவ்வளவு எடம் காலியா கெடக்கு" என்பார். பெரிய கெண்டை மாட்டினால் "முழு டிக்கெட்" என்று வாளியில் போடுவார். விரல் நீளக் குஞ்சு மாட்டினால் கொக்கியை மெல்லக் கழற்றி, "அரை டிக்கெட்டு. எறங்கிக்க, எறங்கிக்க. பெரியவனாகி வா" என்று தண்ணீரில் விட்டுவிட்டு இரண்டு விசில் கொடுப்பார். அந்தக் குஞ்சு போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவருக்கு முழு நம்பிக்கை.

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குப்பைதான் அவரைக் கிறுக்காக்கியது.

ஏரிக்கரை காற்று வாங்குகிற இடமாகிவிட்டதல்லவா? சாயங்காலம் வருகிறவர்கள் வடை தின்ற பேப்பரைப் போட்டார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறவர்கள் தெர்மாகோல் தட்டு, தொப்பி, மெழுகுவத்தி எல்லாவற்றையும் போட்டார்கள். சாமி படம் உடைந்தால் குப்பையில் போடக் கூடாது என்று பயபக்தியோடு ஏரியில் போட்டார்கள். ஓல்டான் அண்ணன் இதையெல்லாம் குப்பை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் அகராதியில் அது லக்கேஜ். வண்டியில் மறந்துவிட்டுப் போன லக்கேஜ். அதை உரியவரிடம் சேர்ப்பது கண்டக்டரின் கடமை.

ஒரு முறை டவுனிலிருந்து வந்த கூட்டம் ஒன்று கேக்கைப் பாதி தின்று, மீதியை ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொண்டு, எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டது. அண்ணன் அத்தனையையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, மொபெட்டில் துரத்தி, ரயில்வே கேட்டில் வேனைப் பிடித்தார். கதவைத் திறந்து சாக்கை மடியில் வைத்தார்.

"லக்கேஜ விட்டுட்டு வந்துட்டீங்க சார். நல்லவேள, கேட்டு போட்டிருந்துச்சு."

"பெரியவரே, இது குப்பைங்க!"

"இருக்கட்டும் சார். உங்க பொருளு. எனக்கு எதுக்கு?"

கேட்டைத் திறந்தார்கள். இவர் இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் பழக்க தோஷத்தில் கிளப்பிவிட்டான். குப்பை டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது.

என்னையும் அவர் இப்படித்தான் பிடித்தார். அந்தத் தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க மஞ்சள் கலரில் பைகள் அடித்திருந்தேன். 'சேகர் உரக்கடை' என்று போட்டு, கீழே நான் கும்பிட்டுச் சிரிக்கிற படம். படத்தில் கொஞ்சம் முடியும் சேர்த்திருந்தேன். ஒரு நாள் நான் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கடைக்கு வந்து, கல்லாவில் இருந்த என் மனைவி செல்வியிடம் அமைதியாகச் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் ஏரில மெதக்குறாரும்மா."

செல்வி போட்ட கூச்சலில் நான் குடோனிலிருந்து ஓடி வந்தேன். என்னைப் பார்த்து இன்னொரு கூச்சல் போட்டாள். அண்ணன் ஈரச் சாக்கைத் திறந்து கொட்டினார். உள்ளே நான். பத்திருபது நான். எல்லா நானும் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மிச்சம் நடுத்தண்ணில நிக்குறீங்க தம்பி" என்றார் அண்ணன். "சாயங்காலம் வந்தீங்கன்னா சேந்து எடுத்துடலாம்."

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கையில் ஒரு சாக்கோடு அவர் பின்னால் போனேன். செல்வி, "இப்பதான் உருப்படியா ஒரு வேலை பாக்குறீங்க" என்றாள். உரம் விற்பது அவள் கணக்கில் வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் வைகாசியில் ஒரு நாள் மீன் பிடிக்க ஏரியைத் திறந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதுவரை தூண்டில் மட்டும் போடலாம், வலை கூடாது. அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும். ஒரு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். வீசியதும் ஆணும் பெண்ணும் வலையோடும் ஊத்தாவோடும் இறங்குவார்கள். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன் மேல் கவிழ்த்து, மேலே கைவிட்டு எடுக்க வேண்டும். அன்று ராத்திரி மீன் குழம்பு வாசனை வராத வீடு பூட்டின வீடுதான்.

அதற்கு முந்தின வருடத் திறப்பில் மூன்று நான்கு பேருக்குப் பாட்டில் ஓடு குத்திப் பாதம் கிழிந்தது. மதகடியில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலைத் தண்ணீருக்குள் வீசுவதால் வந்த வினை. எங்கள் பிரசிடெண்டம்மா கண்டிப்பானவர். பங்குனியில் கூட்டம் போட்டு ஒரே போடாகப் போட்டார்.

"இந்த வருசம் ஏரி சுத்தமாகலன்னா தெறப்பு கெடையாது. காலு கிழிஞ்சு யாராவது ஆஸ்பத்திரில கெடந்தா பதில் சொல்றது நான். வெளியூரு ஆளு ஒருத்தரு குத்தகைக்குக் கேக்குறாரு. குடுத்துடுவேன். அவரு சுத்தி வேலி போட்டுக்குவாரு. மீன் வேணுங்கறவங்க அவருகிட்ட வாங்கிக்கங்க."

"தூண்டிலு?" என்றார் ஓல்டான் அண்ணன்.

"வேலின்னா வேலிதான் கண்டக்டரே."

"ஓடுற ரூட்டத் தூக்கித் தனியாருகிட்ட குடுக்குற மாதிரி பேசுறீங்களே தாயி!"

பின்னாலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. "அம்மா, குத்தகைக்கு உடுறதுன்னா இவரையும் சேத்து உட்டுடுங்க. பகல் பூரா வீட்டுல வெச்சுக்க என்னால ஆவாது."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. விசிலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து, பழைய குடிமராமத்து மாதிரி வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கினால் ஒரே நாளில் ஏரியைச் சுத்தம் செய்துவிடலாம் என்றார். வாய்க்கால் வெட்ட, மதகு பழுது பார்க்க அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் போன வழக்கம்தான். பிரசிடெண்டம்மா ஒப்புக்கொண்டார். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அன்றைக்கு ஆகவில்லை என்றால் குத்தகைதான் என்றும் சொல்லி முடித்தார்கள்.

ஞாயிறு வருவதற்குள் புதுக் குப்பை சேராமல் பார்க்க வேண்டுமே! மதகடிக்காரர்களைப் பார்த்து அண்ணன் விசில் அடித்தார். அவர்கள் அந்த விசிலுக்கு ஆடினார்கள். லக்கேஜ் என்று பாட்டிலை நீட்டினார். அவர்கள் குலுக்கிப் பார்த்துவிட்டு, "காலியா இருக்கு தலைவா, ஃபுல்லா கொண்டா" என்றார்கள். அண்ணன் தோற்றுப் போனதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் நான் முதலையைப் பார்த்தேன்.

பொழுது சாய்கிற நேரம். அண்ணன் இன்னும் வரவில்லை. நான் மட்டும் சாக்கோடு மதகுப் பக்கம் போனேன். தண்ணீரில் கறுப்பாக ஒரு முதுகு. பாதி உள்ளே, பாதி வெளியே. முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாக மேடும் பள்ளமும். பக்கத்தில் தண்ணீர் நெளிந்தது. அந்த முதுகு என்னை நோக்கி மெல்லத் திரும்பியது. திரும்பியது என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த நேரத்தில் உலகமே என்னை நோக்கித்தான் திரும்பியது.

கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளம் வந்தால் வாய்க்கால் வழியாக எங்காவது ஒதுங்கும். ஆகவே என் மூளை அதிகம் வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை. கால்தான் செய்தது. டீக்கடையில் விழுந்து, "மு... மு..." என்றேன்.

"முறுக்கா?" என்றார் கடைக்காரர்.

"மொதல!"

எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினேன். பால்காரர் வந்து கேட்டபோது பெஞ்ச் போதவில்லை, கடை வாசல் வரை காட்டினேன். மறுநாள் காலையில் ஊரின் அடுத்த கோடியிலிருந்து செய்தி என்னிடமே திரும்பி வந்தபோது, அது ஒரு டவுன் பஸ் நீளத்தில் ஆட்டுக்குட்டியை விழுங்கியிருந்தது. எனக்கே பயமாகிவிட்டது. நாம் பார்த்தது சின்னதுதானே, இது வேறு முதலையாக இருக்குமோ என்று.

நான் ஓடிய அன்று இரவே அண்ணன் என் வீட்டுக்கு வந்து விசாரித்தார்.

"எந்த எடத்துல தம்பி?"

"மதகுக்கு எடது பக்கம்ணே."

"முதுகு எப்படி இருந்துச்சு?"

"கட்டம் கட்டமா. வரிசையா. வளைஞ்சு."

"ம்..." என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் டீக்கடையில் ஊரே கூடியிருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று அறிவித்தார். "சேகரு தம்பி பொய் சொல்ற ஆளு இல்ல. ஏரில மொதல இருக்கு. மதகுப் பக்கம் யாரும் போவாதீங்க." கையோடு ஒரு பலகையும் எழுதி மதகில் கட்டினார். பஸ்ஸுக்குள் எழுதியிருப்பதை வருடக்கணக்காகப் பார்த்த கை அது. 'முதலை உண்டு. கரம் சிரம் புறம் நீட்டாதீர்.'

மதகடிக் கூட்டம் அன்றோடு காலி. பாட்டில் இல்லை, வடைப் பேப்பர் இல்லை, கேக் இல்லை. தண்ணீரில் புதிதாக ஒரு பீடித் துண்டுகூட விழவில்லை. அண்ணன் கரையில் கால் நீட்டி உட்கார்ந்து தூண்டில் போட்டார். முதலை இருக்கிற ஏரியில் இந்த மனிதர் எப்படிக் கூசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் ரோட்டில் நின்றபடியே வியந்தேன். கரைக்குப் போகவில்லை. வியப்பதற்கு ரோடு போதும்.

ஞாயிறு நெருங்கியது. அப்போதுதான் வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அண்ணன் வீடு வீடாகப் போனார்.

"அனுப்புறேங்க. திரும்பி வருவானா?" என்றார் ஒருவர்.

"மொதல இருக்குன்னு பலகை கட்டுனது நீங்கதான? இப்ப எறங்குன்னும் நீங்களே சொல்றீங்களே?" என்றார் இன்னொருவர்.

என் வீட்டில் செல்வி, "வீட்டுக்கு ஒரு ஆளுன்னா அது நீங்கதான். எதுக்கும் இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் விசில் இல்லை. சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தார்.

"ஸ்பீடு பிரேக்கருன்னு நெனச்சுப் போட்டேன் தம்பி" என்றார். "வண்டியே நின்னு போச்சு."

முதலையைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் எனக்கு அழுகையாக வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு ஓடியிருந்தால் இவருக்கு ஏரி மிஞ்சியிருக்கும். "வேணும்னா நான் பாத்தது எருமையா இருக்கும்னு சொல்லிடட்டாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து வேட்டியை உதறினார். "வேண்டாம். நாளைக்குக் காலைல வந்துடுங்க."

ஞாயிறு காலை ஊர் வந்தது. அதைச் சொல்ல வேண்டும், வராமல் இல்லை. மண்வெட்டி, கூடை, சாக்கு, டிராக்டர் எல்லாம் வந்தன. எல்லாம் கரை மேலேயே நின்றன. முதலைக்கு யார் முதல் போணி என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பிரசிடெண்டம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குத்தகை கேட்ட வெளியூர்க்காரரும் வெள்ளை வேட்டியில் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

அண்ணன் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். போகலாம் என்று அர்த்தம். ஒருவரும் அசையவில்லை.

"என்ன கண்டக்டரே, வண்டி கெளம்பலியே?" என்றார் பிரசிடெண்டம்மா.

அண்ணன் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கி முழங்கால் வரை போய்த் திரும்பினார்.

"சேகரு தம்பி, வாங்க."

"நானா?"

"நீங்கதான பாத்தவரு. அடையாளம் காட்ட ஆளு வேணுமில்ல?"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. செல்வியும் பார்த்தாள். இதற்கு முதலையே மேல் என்று இறங்கினேன். சேறு கணுக்காலைப் பிடித்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சிலரை இரண்டு முறை கூப்பிட்டிருப்பேன். "அண்ணே, ரொம்ப உள்ள போவாதீங்க." "வாங்க தம்பி, உள்ள எடம் இருக்கு." இடுப்பளவு தண்ணீருக்கு வந்தோம். மதகுக்கு இடது பக்கம். நான் பார்த்த அதே இடம்.

அங்கேதான் அது என் காலைக் கவ்வியது.

வழவழவென்று, ஈரமாக, கெண்டைக்காலைச் சுற்றி வளைத்து இறுக்கியது. நான் எழுப்பிய சத்தம் அணைக்கரை பாலத்தில் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். ஓல்டான் அண்ணன் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீருக்கு வெளியே தூக்கி, "விசில் அடிங்கண்ணே, விசில் அடிங்க!" என்று கத்தியிருக்கிறேன். அவருக்கு இருக்கிற ஒட்டடைக்குச்சி உடம்புக்கு நான் ஒரு உர மூட்டைக்கு மேலே இருப்பேன். மனிதர் ஆடினார், ஆனால் விழவில்லை.

"தம்பி, ஃபுட்போர்டுல தொங்காதீங்க. எறங்குங்க" என்றார்.

இறங்க மாட்டேன் என்றேன். அவர் பின்னால் கையை விட்டு, என் காலில் சுற்றியிருந்ததை உருவி, ஊரே பார்க்கத் தூக்கிப் பிடித்தார். மஞ்சள் பை. 'சேகர் உரக்கடை'. கீழே நான், நிறைய முடியோடு, கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் காலைக் கவ்வியது நானேதான்.

முதலில் அக்கா சிரித்தார். அப்புறம் செல்வி. அப்புறம் கரை முழுவதும். பிரசிடெண்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறவனுக்குப் பயம் இருக்காது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே ஒருவர் இறங்கினார், அவர் பின்னால் நாலு பேர், பிறகு ஊரே இறங்கிவிட்டது.

அன்றைக்கு அந்த ஏரிக்குள்ளிருந்து வந்ததைக் கொண்டு ஒரு குடித்தனமே வைத்திருக்கலாம். டிவிப் பெட்டியின் ஓடு, நாற்காலிக் கால், மொபெட் சீட்டு, கல்யாண மாலை, பிள்ளையின் ஒற்றை ஷூ, கோணி கோணியாகப் பாட்டில். அண்ணன் கரையில் நின்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "லக்கேஜ் யாருது? லக்கேஜ் யாருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. டிராக்டர் இரண்டு நடை போனது. மத்தியானம் புளிசாதம் சாப்பிடும்போது வெளியூர்க்காரர் காரைக் காணோம்.

சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒருவர் கேட்டார். "அதெல்லாம் சரி, மொதல எங்கய்யா?"

எனக்கு விக்கிக்கொண்டது. ஏரி முழுக்கக் கைவிட்டுத் துழாவியாயிற்று. முதலை இல்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"அது அணைக்கரைல எறங்கிடுச்சே" என்றார் ஓல்டான் அண்ணன், தண்ணீர் குடித்துவிட்டு.

"எப்ப?"

"முந்தாநேத்து. வாய்க்கா வழியா கொள்ளிடத்துக்குப் போச்சு. நான்தான் விசில் குடுத்து அனுப்புனேன்."

"சும்மாவா போச்சு?"

"டிக்கெட் கேட்டேன். வாயத் தொறந்து காட்டுச்சு. சரி போன்னு விட்டுட்டேன்."

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆனால் பாருங்கள், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கண்டக்டரே இறக்கிவிட்டேன் என்கிறபோது யார் மறுப்பது? அதற்கப்புறம் நான் முதலையைப் பார்த்து ஓடியவன் மட்டும் இல்லை, முதலையைப் பார்த்தவன். அந்த மரியாதை வேறு.

வைகாசியில் ஏரி திறந்தது. வெள்ளைத் துண்டை வீசச் சொல்லி அண்ணனிடமே கொடுத்தார்கள். அவர் துண்டையும் வீசினார், விசிலும் அடித்தார். ஒரு பாதமும் கிழியவில்லை. நான் ஊத்தாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து முதுகு விட்டுப் போனதுதான் மிச்சம். மாட்டிய ஒன்றும் அரை டிக்கெட். அண்ணன் பார்க்கிறாரே என்று விட்டுவிட்டேன். செல்வி இறங்கி இரண்டு விரால் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் செல்வி வைத்த குழம்பில் ஒரு தூக்கு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா கொல்லையில் இருந்தார். கிணற்றடியில் புதினா தழைத்துக் கிடந்தது. எதில் வளர்கிறது என்று பார்த்தேன். லாரி டயர். வெளிப்பக்கம் பூராவும் கட்டம் கட்டமாக, வரிசையாக, மேடும் பள்ளமும்.

தூக்கைக் கீழே வைத்தேன். "அக்கா, இது ஏது?"

"அதுவா? ஏரில கெடந்துச்சுன்னு இழுத்துட்டு வந்தாரு. நீ மொதலையப் பாத்துட்டு ஓடுன பாரு, அதுக்கு மறுநா காலைல. தனியா எறங்கி இழுத்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு, நான்தான் எண்ணெ போட்டுத் தேச்சு உட்டேன். யார்கிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னுட்டாரு." அப்போதுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் வாசலில் தூண்டில் நரம்பின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏண்ணே சொல்லல? அன்னிக்குக் கரைல நின்னுக்கிட்டு இந்த டயர உருட்டி உட்டிருந்தா ஒரு நிமிசத்துல பயம் தெளிஞ்சிருக்கும். ஏரி கையவிட்டுப் போற நேரத்துலகூட வாயத் தொறக்கலியே நீங்க?"

"தொறந்தா?" என்றார் நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த நிமிசம் ஊரு உங்களுக்கு டயருன்னு பேரு வெச்சிருக்கும். டயரு கடை, டயரு பொண்டாட்டி, டயரு மக. பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம் தம்பி." ஒரு முடிச்சை அவிழ்த்தார். "ஊரு வெச்ச பேரு ஒட்டுனா உரியாது. என் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூடவே திரிந்திருக்கிறேன், தெரியவில்லை. வெட்கத்தோடு கேட்டேன். சொன்னார். நல்ல பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர்.

இதை எழுதியதால் அடுத்த வாரம் முதல் ஊர் என்னை டயர் என்று கூப்பிடும். கூப்பிடட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நடந்தது நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஏரியில் முதலை இருந்ததே இல்லை. ஒரு லாரி டயர் இருந்தது. அதை ஒற்றை ஆளாக இழுத்து வந்து தன் கொல்லையில் மறைத்து வைத்துவிட்டு, என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக, தன் ஏரியைப் பணயம் வைத்தார் ஓல்டான் அண்ணன்.